மாத்திரை போட்டால் பசிக்கிறது

என் தாய்மாமாவுக்கு சயரோகம் வந்தபோது நான் பிறந்திருக்கவில்லை. 1957 என்பது அம்மா போட்ட கணக்கு. எந்த வருஷம் எது நடந்தது என்பதை, அப்போது யார் யார் வயிற்றில் இருந்தார்கள் என்று வைத்துத்தான் அவள் சொல்வாள். "உங்கண்ணன் எனக்கு ஏழு மாசம்" என்று ஆரம்பிப்பாள். புளியந்தோப்பில் ஓலை வேய்ந்த ஒற்றை அறை வீடு. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவளுக்கு, வந்த இடத்தில் அண்ணன் வேட்டி முனையில் ரத்தம் துப்பிக்கொண்டிருந்தார். தாத்தா, பாட்டி, மாமா, சித்தி, அம்மா என்று ஐந்து பேர் வரிசையாகப் படுத்தால் கதவைச் சாத்த முடியாதாம்.

அந்த வீட்டுக்கு விடிகாலையில் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நர்ஸம்மா வருவார். மாமாவிடமிருந்து மாத்திரை டப்பாவை வாங்கித் திண்ணையில் கொட்டி எண்ணுவார். பிறகு ஒரு சின்ன பாட்டிலைக் கொடுத்து மாமாவைச் சந்துக்குள் அனுப்புவார். பாட்டில் நிறைந்து வந்ததும் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். பாட்டிக்கு இது விளங்கவே இல்லை. "மூத்திரத்தப் புடிச்சினு போறாளே, மந்திரம் கிந்திரம் வெச்சுடுவாளோ" என்று மாரியம்மன் கோவிலில் திருநீறு வாங்கி வந்து மாமா நெற்றியில் பூசினாளாம். மாமா மாத்திரையை உண்மையிலேயே விழுங்கினாரா, கூவத்தில் வீசினாரா என்று பார்க்கத்தான் அந்த பாட்டில். பாஸ் என்கிற அந்த மருந்து சிறுநீரில் தெரியும்.

இந்தக் கதையை நான் நூறு தடவையாவது கேட்டிருப்பேன். ஆனால் அந்த நர்ஸம்மா செய்த வேலையையே நாற்பது வருஷம் கழித்து நானும் செய்வேன் என்று நினைத்ததில்லை. வட சென்னையில் காசநோய்ப் பணியாளராக இருந்து 2018இல் ஓய்வு பெற்றேன். தெருவில் என் பேர் 'மாத்திரை அக்கா'. வேலையில் இருந்த காலம் முழுக்க எனக்குள் ஒரு முரண் ஓடிக்கொண்டிருந்தது. அதை விளங்கிக்கொள்ள, மாமாவைப் பிழைக்க வைத்த சேத்துப்பட்டு காசநோய் மையத்தின் கதையைத் தேடிப் படிக்க வேண்டியதாயிற்று.

மருந்து வருவதற்கு முந்தைய காலத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மின்சார ரயிலில் குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே 'தாம்பரம் சானடோரியம்' என்று ஒரு நிலையம் வரும். இறங்கி ஏறுகிற பலருக்கு அது ஊர்ப்பெயர் அவ்வளவுதான். 1928இல் டாக்டர் டேவிட் சவுரிமுத்து அங்கே காசநோயாளிகளுக்காக ஆரம்பித்த நல்வாழ்வு மனைதான் அந்தப் பெயருக்குக் காரணம். 1937இல் அதை அரசு எடுத்துக்கொண்டது. சவுரிமுத்து அதற்கு முன் இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளில் இதே மாதிரி ஒரு சானடோரியம் நடத்தியவர். 1917இல் கணிதமேதை ராமானுஜன் அங்கே சிலகாலம் இவரிடம் நோயாளியாக இருந்திருக்கிறார். ராமானுஜனுக்கு வந்தது காசநோய்தானா என்று பின்னால் மருத்துவர்களே சந்தேகப்பட்டது வேறு கதை.

சானடோரியம் வைத்தியம் என்பது மூன்றே சொல்: காற்று, ஓய்வு, உணவு. ஊருக்கு வெளியே மரங்களுக்கு நடுவே படுக்கை, மாதக்கணக்கில் அசையாத உடம்பு, பால், முட்டை, வெண்ணெய். கிருமியைக் கொல்ல எதுவுமில்லாத காலத்தில் உடம்பையாவது தேற்றுவோம் என்ற ஏற்பாடு. அதிலும் பலர் தேறவில்லை. 1948இல் புதுமைப்பித்தனையும் 1954இல் கல்கியையும் இந்த நோய்தான் கொண்டுபோயிற்று. இரண்டு பேருமே பேர்பெற்றவர்கள். பேரில்லாதவர்களுக்குப் படுக்கையே கிடையாது. நாடு முழுக்க நோயாளிகள் லட்சக்கணக்கில், படுக்கைகள் ஆயிரக்கணக்கில். புளியந்தோப்பு மில் தொழிலாளிக்கு வெண்ணெயும் ஓய்வும் எழுதிக் கொடுப்பது, 'உன் தலையெழுத்து' என்று சொல்வதை நாகரிகமாகச் சொல்வதுதான்.

பிறகு பத்து வருஷத்துக்குள் மூன்று மருந்துகள் வந்தன. 1940களில் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி, அதையடுத்து பாஸ், 1952இல் ஐசோனியாசிட். ஐசோனியாசிட் மலிவு, சின்ன மாத்திரை. பாஸ் அப்படியில்லை. ஒரு நாளைக்கு கிராம் கணக்கில் விழுங்க வேண்டும். வயிற்றைப் புரட்டும், வாந்தி வரும். மாமா அதை விழுங்கிவிட்டு வாசலில் உட்கார்ந்து உப்புக்கல்லைச் சப்பிக்கொண்டிருப்பார் என்பாள் அம்மா. ஆனாலும் ஐசோனியாசிட்டோடு பாஸ் சேர்ந்தால்தான் கிருமி மருந்துக்குப் பழகிப்போகாமல் இருக்கும். இரண்டையும் ஒரு வருஷம் விடாமல் சாப்பிட்டால் நோய் போகும். இது பணக்கார நாடுகளின் ஆஸ்பத்திரிகளில் தெரிந்துவிட்டது. குடிசையில், வேலைக்குப் போய்க்கொண்டே, கஞ்சி குடித்துக்கொண்டே சாப்பிட்டாலும் போகுமா? இதைத்தான் யாரும் பார்த்ததில்லை.

இதைப் பார்க்கத்தான் 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்து ஆராய்ச்சி மையம் பிறந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் என நான்கு கைகள் சேர்ந்த வேலை. பிரிட்டனிலிருந்து வந்த டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் அதை முன்நின்று நடத்தினார். நோயாளி மருந்து சாப்பிடுவதாகச் சொன்னால் நம்பிவிடாதே, சோதித்துப் பார் என்பது அவர் பிடிவாதம். பாட்டி பயந்த பாட்டிலுக்குப் பின்னால் இருந்தவர் அவர்தான்.

193 நோயாளிகளை எடுத்துக்கொண்டார்கள். எல்லாரும் நகரத்தின் ஏழைகள். யார் வீட்டில் இருந்து மருந்து சாப்பிடுவது, யார் சானடோரியத்துக்குப் போவது என்பதை டாக்டர் தீர்மானிக்கவில்லை, நோயாளியும் தீர்மானிக்கவில்லை. சீட்டுக் குலுக்கிப் போட்டது மாதிரி பிரித்தார்கள். தேறக்கூடியவனை வீட்டுக்கும் முடியாதவனை ஆஸ்பத்திரிக்கும் அனுப்பிவிட்டு, பிறகு எது மேல் என்று கேட்பதில் அர்த்தமில்லை அல்லவா? மருந்து இரு தரப்புக்கும் ஒன்றேதான். ஐசோனியாசிட்டும் பாஸும், பன்னிரண்டு மாதம். மீதி எல்லாமே வேறு. சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, காற்றோட்டம், படுக்கை. வீட்டில் இருந்தவர்களுக்குக் குறைந்த சாப்பாடு, நெரிசல், முடிந்த அன்று கூலி வேலை.

1959இல் முடிவு வெளியானது. ஒரு வருஷ முடிவில் சானடோரியத்தில் இருந்தவர்களில் நூற்றுக்கு 92 பேருக்கு நோய் அடங்கியிருந்தது. வீட்டில் இருந்தவர்களில் 86 பேருக்கு. இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை என்றார்கள் புள்ளியியல்காரர்கள். ஐந்து வருஷம் கழித்துப் பார்த்தபோதும் அப்படித்தான். சானடோரியத்தில் இருந்தவர்கள் கூடுதலாக எடை போட்டிருந்தார்கள். கிருமி அதைப் பொருட்படுத்தவில்லை.

இன்னொன்றையும் பார்த்தார்கள். நோயாளி வீட்டிலேயே இருந்தால் கூட இருப்பவர்களுக்கு ஒட்டிக்கொள்ளுமே? அந்தக் கணக்கும் எடுத்தார்கள். நோயாளியை ஒரு வருஷம் ஒதுக்கி வைத்த குடும்பத்தில் நோய் வந்த அளவுக்குத்தான் வீட்டில் வைத்திருந்த குடும்பத்திலும் வந்தது. மருந்து ஆரம்பித்த பிறகு பரவுவது சீக்கிரம் குறைந்துவிடுகிறது. பரவ வேண்டியதெல்லாம் நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே பரவிவிடுகிறது. 1961இல் வந்த 'பாலும் பழமும்' படத்தில் டி.பி. வந்த கதாநாயகி சாந்தி வீட்டை விட்டே போய்விடுகிறாள். அவள் போகத் தேவையே இல்லை என்று அதற்கு முன்பே சேத்துப்பட்டில் எழுதிவைத்துவிட்டார்கள். சினிமாக்காரர்களுக்கு யார் சொல்வது?

இந்த முடிவின் கனத்தை இன்றைக்கு நினைத்துப் பார்ப்பது கஷ்டம். படுக்கை இல்லாததால் சாக வேண்டியதில்லை. சம்பாதிக்கிற ஆள் ஒரு வருஷம் வீட்டை விட்டுப் போக வேண்டியதில்லை. தாய் குழந்தையைப் பிரிய வேண்டியதில்லை. 1962இல் இந்தியா தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டம் மருத்துவமனைகளைக் கட்டிக்கொண்டிருக்காமல் சாதாரண மருத்துவ நிலையங்களில் மருந்து கொடுக்கப் புறப்பட்டது இதன் தைரியத்தில்தான். மற்ற நாடுகளிலும் சானடோரியங்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. ஏழைகளுக்கான வைத்தியத்தைப் பணக்காரர்கள் பார்த்து எடுத்துக்கொண்டது உலகத்தில் அடிக்கடி நடக்கிற காரியமில்லை. எங்கள் ஊரில் நடந்தது.

புளியந்தோப்பில் இதன் பொருள் வேறு மாதிரி இருந்தது. பாட்டி தன் மூக்குத்தியை அடகு வைத்து மாமாவுக்கு தினம் ஒரு முட்டை வாங்கிக்கொண்டிருந்தாள். சயரோகத்துக்கு முட்டையும் பாலும் என்பது ஊரறிந்த வைத்தியம். ஒருநாள் நர்ஸம்மா அடுப்படியைப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "முட்டை வாங்க முடியலன்னா விடுங்கம்மா. மாத்திரைய மட்டும் விட்டுடாதீங்க."

அந்த ஒரு வாக்கியத்தில் பாட்டிக்குக் கிடைத்த விடுதலையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். மூக்குத்தி திரும்பவில்லை என்பது உண்மை. காதில் கிடந்த கம்மல் தப்பித்தது. மாமா பிழைத்தார். மில்லுக்குத் திரும்பினார், கல்யாணம் கட்டினார், என் கல்யாணத்தில் மொய் எழுதினார்.

ஆனால் அந்த வாக்கியம் நடந்து போகப் போகச் சுருங்கிக்கொண்டே வந்தது. 'முட்டை இல்லாவிட்டாலும் மாத்திரை வேலை செய்யும்' என்பது சேத்துப்பட்டு கண்டது. 'முட்டை வேண்டாம்' என்பது திட்டம் போட்டவர்கள் கேட்டது. காசநோய்க்கு மருந்து போதும், உணவு இரண்டாம் பட்சம் என்று அறுபது வருஷம் ஒரு எண்ணம் இருந்தது. பாடப்புத்தகத்தில் இருந்தது, பயிற்சி வகுப்பில் இருந்தது, என் தலைக்குள்ளும் இருந்தது.

சித்தியை மறந்துவிட்டேன் பாருங்கள். அந்த வீட்டிலும் அவளை எல்லாரும் மறந்துதான் போனார்கள். முட்டை மாமாவுக்கு. சோற்றின் மேல்பாகம் தாத்தாவுக்கும் மாமாவுக்கும். பிள்ளைத்தாய்ச்சி என்பதால் அம்மாவுக்கும் கொஞ்சம். பதினாறு வயதுச் சித்திக்கு வடித்த கஞ்சி, அடிச்சட்டி. மாமா தேறி இரண்டு வருஷத்துக்கெல்லாம் சித்தி இருமத் தொடங்கினாள். மாமாவிடமிருந்து அவளுக்கு எப்போதோ தொற்றியிருக்கும். கிருமி உடம்புக்குள் போவதும் நோயாக வெடிப்பதும் ஒன்றில்லை. தொற்றியவர்களில் பத்தில் ஒருவருக்குத்தான் வாழ்நாளில் என்றாவது நோய் வரும் என்பது பொதுக் கணக்கு. அந்த ஒருவர் யார் என்பதை எது தீர்மானிக்கிறது? அந்த ஒற்றை அறையில் ஐந்து பேரும் ஒரே காற்றைத்தான் சுவாசித்தார்கள்.

சித்தியும் சேத்துப்பட்டு வாசலுக்குத்தான் போனாள். தினமும் வீட்டில் மாத்திரை சாப்பிடுவதற்குப் பதில், வாரம் இரண்டு முறை நேரில் வந்து ஊழியர் கண் முன்னால் ஊசியும் மாத்திரையும் எடுத்துக்கொண்டால் போதுமா என்று அப்போது அங்கே பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1964இல் வெளியான அந்த முடிவு, போதும், நன்றாகவே போதும் என்றது. உலகம் முழுக்கப் பின்னால் 'டாட்ஸ்' என்று பேர் வாங்கிய நேரடிக் கண்காணிப்பு முறைக்கு அதுதான் விதை. சித்தியும் குணமானாள். 'ஊசிக்காரி' என்று தெருவில் பெயர் வைத்ததில் வரன் அமையத்தான் பத்து வருஷம் ஆயிற்று.

நடுவில் பெங்களூர்க்காரர்கள் செய்த ஒரு ஆய்வையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு மிகவும் பிடித்தது. 1960களின் தொடக்கத்தில் தேபபர் பானர்ஜியும் ஸ்டிக் ஆண்டர்சனும் தும்கூர் மாவட்ட கிராமங்களில் கேட்டுப் பார்த்தார்கள். ஜனங்கள் நோயை மறைக்கிறார்கள், அறியாமை, அதனால்தான் வைத்தியத்துக்கு வருவதில்லை என்பது அதுவரை எல்லாரும் சொன்னது. போய்ப் பார்த்தால், நோய் உள்ளவர்களில் பாதிக்கு மேல் ஏற்கெனவே ஆஸ்பத்திரிக்கு நடந்துவிட்டு வந்திருந்தார்கள். அங்கே இருமல் மருந்து ஒரு பாட்டில் கொடுத்துத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். நான் வேலைக்குச் சேர்ந்தபோதும் அந்த இருமல் மருந்து பாட்டில் ஒழிந்திருக்கவில்லை.

என் காலத்து டாட்ஸ் வாரம் மூன்று நாள். ஒவ்வொரு நோயாளிக்கும் பேர் எழுதின ஒரு அட்டைப் பெட்டி. ஆறு மாத மருந்தும் அதற்குள். பெட்டியைப் பார்த்தால் நோயாளிக்கே ஒரு நம்பிக்கை வரும். நம்ம பேருக்கு இவ்வளவு மருந்து எடுத்து வைத்திருக்கிறார்கள் என்று. நல்ல ஏற்பாடு, மறுக்க மாட்டேன். ஏழு மாத்திரை எட்டு மாத்திரை என்று உள்ளங்கையில் வாங்கி, என் முன்னால் விழுங்கி, நாக்கைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போவார்கள்.

ஒருவர் வருவதை நிறுத்திவிட்டார். மீன்பாடி வண்டி ஓட்டுகிறவர். கார்டைத் தூக்கிக்கொண்டு தேடிப் போனேன். வண்டியிலேயே சுருண்டு படுத்திருந்தார். ஏன் வரவில்லை என்று வழக்கமான உபதேசத்தைத் தொடங்கினேன். பாதியில் நிறுத்திவிட்டுச் சொன்னார்:

"அக்கா, அத்த போட்டா பசிக்குது. கபகபன்னு எரியுது. முன்ன ஒரு டீ குடிச்சா ராவு வரைக்கும் ஓட்டிடுவேன். இப்ப முடியல. மாத்திரய வுட்டா பசியும் வுட்டுடுது."

என்னிடம் பதில் இல்லை. குடிக்கிறார், அதனால் வரவில்லை என்று கார்டில் எழுத ஒரு வழி இருந்தது. பசிக்கிறது, அதனால் வரவில்லை என்று எழுத வழி இல்லை. பசி எடுப்பது நோய் குணமாவதன் அடையாளம். நாங்கள் காத்திருக்கிற நல்ல அறிகுறி. அதுவே அவருக்குத் தாங்க முடியாத செலவு. அன்றைக்கு நான்கு இட்லி வாங்கிக் கொடுத்து மாத்திரை போட வைத்தேன். எத்தனை நாளைக்கு? என் சம்பளத்தில் எத்தனை பேருக்கு?

மாதா மாதம் எடை பார்ப்போம். அந்த மிஷின்மேல் ஏறி நிற்கிற ஆளின் முகத்தை நான் பார்த்ததுண்டு; ஏதோ பரீட்சை எழுதின பையன் மாதிரி நிற்பார்கள். 34 கிலோ, 36 கிலோ, வளர்ந்த ஆண்பிள்ளை. அந்த எண்ணை வைத்து நாங்கள் செய்தது ஒன்றே ஒன்று: எத்தனை மாத்திரை என்று முடிவு செய்தோம். எடைக்குத் தக்க மாத்திரை. எடைக்குத் தக்க சோறு என்று எந்த அட்டவணையிலும் இல்லை.

2023 ஆகஸ்டில் வந்த ஆய்வைப் பற்றி என் கீழ் வேலை பார்த்த பெண் போன் பண்ணிச் சொன்னாள். அதற்கு 'ரேஷன்ஸ்' என்றே பேர். டாக்டர் அனுராக் பார்கவாவும் டாக்டர் மாதவி பார்கவாவும் முன்நின்று ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் நடத்தியது. கூட நின்ற நிறுவனங்களில் ஒன்று சென்னை தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். பேர் மாறினாலும் அது வேறு யாருமில்லை, அதே சேத்துப்பட்டு மையம்தான். முட்டை இல்லாவிட்டால் பரவாயில்லை என்று பாட்டியிடம் சொல்லி அனுப்பிய இடம்.

2,800 நோயாளிகளை எடுத்துக்கொண்டார்கள். எல்லாருக்கும் வழக்கமான மருந்தோடு ஒரு உணவுக்கூடை. அரிசி, பருப்பு மாவு, பால் பவுடர், எண்ணெய். ஒரு நாளைக்கு 1,200 கலோரி, 52 கிராம் புரதம் கூடுதலாகச் சேரும் கணக்கு. சோதனை அதற்கு மேல்தான். அந்த வீடுகளில் கூட இருந்த 10,345 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக் குடும்பங்களில் கூட இருப்பவர்களுக்கும் கூடை. பெரியவர் ஒருவருக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ துவரம்பருப்பு. மறுபாதியில் நோயாளிக்கு மட்டும். கொரோனா ஊரடங்கு நடுவில் வந்தது. அப்போதும் மூட்டைகள் போய்ச் சேர்ந்தன.

அரிசியும் பருப்பும் போன குடும்பங்களில் புதிதாக நோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. அதிலும் மற்றவருக்குப் பரவக்கூடிய நுரையீரல் காசநோய் ஏறக்குறைய பாதியாக, 48 சதவீதம் குறைந்தது. தடுப்பூசி இல்லை, புது மருந்து இல்லை. முப்பது வீடுகளுக்கு ஆறு மாதம் அரிசி பருப்பு கொடுத்தால் ஒருவருக்கு நோய் வராமல் தடுக்கலாம் என்று கணக்கு சொன்னார்கள். நோயாளிகள் பக்கமும் ஒரு செய்தி இருந்தது. முதல் இரண்டு மாதத்தில் 5 சதவீதம் எடை கூடினவர்களுக்குச் சாவு அபாயம் 61 சதவீதம் குறைவு. 36 கிலோ ஆளுக்கு 5 சதவீதம் என்பது இரண்டு கிலோகூட இல்லை. அந்த மிஷின்மேல் அவர்கள் நின்றபடி என் முகத்தைப் பார்த்தது எனக்கு அப்போது ஞாபகம் வந்தது.

1959இன் ஆய்வு தப்பா என்றால் இல்லை. அதைப் படித்தவர்கள் சரியாகப் படிக்கவில்லை. சேத்துப்பட்டில் கேட்டது, நோய் வந்தவனை இந்த மாத்திரை எங்கே வைத்துக் குணப்படுத்தும் என்ற கேள்வி. வீட்டிலேயே என்பது பதில். யாருக்கு நோய் வருகிறது, அடுத்து யாருக்கு வரப்போகிறது என்று அவர்கள் கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்கும் அந்தப் பதிலையே படித்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். மாமா பிழைத்தது முதல் கேள்வி. சித்தி இருமியது இரண்டாவது. பரவலைப் பற்றி அவர்கள் எழுதியதைத் திரும்பப் படித்தேன். ஒதுக்கி வைத்தாலும் வைக்காவிட்டாலும் குடும்பத்தில் நோய் வருவது ஒன்றுதான் என்று எவ்வளவு சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறார்கள்! இரண்டு பக்கமும் வந்துகொண்டுதான் இருந்தது என்பதும் அதே வரியில் இருக்கிறது. நாங்கள் யாரும் அந்தப் பாதியைப் படிக்கவில்லை.

இங்கே தமிழ்நாட்டில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது, அதைச் சொல்லாவிட்டால் நியாயமில்லை. 2022இல் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். நோய் என்று தெரிந்த அன்றே நோயாளியை நாலைந்து விதமாகப் பார்க்க வேண்டும். உயரத்துக்கு எடை மிகவும் குறைவா, மூச்சு வேகமா, ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவா, பிடித்துக்கொள்ளாமல் நிற்க முடிகிறதா. கால் வீக்கம் பார்க்க, கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் அழுத்திவிட்டு எடுக்க வேண்டும். நல்ல உடம்பில் சதை உடனே எழும்பிவிடும். பட்டினி கிடந்த உடம்பில் விரல் பட்ட இடம் குழியாக அப்படியே நிற்கும், பிசைந்த மாவில் பதிந்த மாதிரி. அப்படிப்பட்டவர்களைக் காலம் தாழ்த்தாமல் ஆஸ்பத்திரியில் சேர்த்து, மருந்தோடு உணவும் வைத்தியமாகக் கொடுக்கிறார்கள். சானடோரியத்தை விட்டு வெளியே வந்த நாம், மோசமாக மெலிந்தவர்களுக்காக மட்டும் திரும்பப் படுக்கைக்குப் போயிருக்கிறோம். நான் வேலையில் இருந்தபோது இந்தக் கட்டைவிரல் வித்தை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தந்திருந்தால் மீன்பாடி வண்டிக்காரரின் காலை அழுத்திப் பார்த்திருப்பேன். அவர் மூன்றாவது மாதம் இறந்துபோனார்.

உணவுக்குப் பணம் கொடுக்க அதற்கு முன்பே தொடங்கியிருந்தார்கள். 2018 ஏப்ரலிலிருந்து மத்திய அரசு நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் வங்கியில் போட ஆரம்பித்தது. என் வேலையின் கடைசி மாதங்கள் பாஸ்புக் ஜெராக்ஸ் வாங்குவதிலேயே போயின. கணக்கே இல்லாதவர்கள் பட்டியலில் பாதி. 2024 நவம்பரிலிருந்து அது 1,000 ரூபாய். நல்லது. ஆனால் பணம் வீட்டுக்குள் நுழைந்தால் வீட்டுப் பணம்தான். நோயாளிப் பெண் ஒருத்தி ஆஸ்பத்திரியில் கொடுத்த அவித்த முட்டையை என் கண்ணுக்கு முன்னால் முந்தானையில் முடிந்துகொண்டாள். வீட்டில் இரண்டு பிள்ளைகள். "நீ சாப்பிடும்மா" என்று அதட்டினேன். இப்போது அதட்ட மாட்டேன். அவள் ஜார்க்கண்டு ஆய்வு செய்யாமலே அதன் முடிவைத் தெரிந்துவைத்திருந்தாள்.

கூட இருக்கும் குடும்பத்தாருக்கும் உணவு வேண்டும் என்று இப்போது டெல்லியும் ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆனால் அதை நன்கொடையாளர்கள் கொடுக்கிற கூடையில் சேர்த்துவிட்டார்கள். நோயாளிக்கு அரசாங்கப் பணம், அவள் பிள்ளைகளுக்கு யாரோ ஒரு புண்ணியவானின் மனசு. நன்கொடையாளர் எல்லா மாவட்டத்திலும் எல்லா மாதமும் கிடைப்பார்களா?

நம்மிடம் ஏற்கெனவே ரேஷன் கடை இருக்கிறது. தெருவுக்குத் தெரு இருக்கிறது. அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது, துவரம்பருப்பு ஒரு கிலோ 30 ரூபாய்க்கு அட்டைக்கு ஒன்று கிடைக்கிறது. எந்த வீட்டில் காசநோய் இருக்கிறது என்று மருத்துவத் துறையின் கணினியில் பெயர், முகவரியோடு பதிந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் போதும். பேர் வெளியே தெரியாமல், அந்த அட்டையில் பெரியவர் ஒருவருக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ துவரம்பருப்பும் ஆறு மாதத்துக்குக் கூடுதலாகப் போடுங்கள். சென்னை நிறுவனம் கூட நின்று நடத்திய ஆய்வு சொன்ன அளவு அது. அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.